கிறீன் வைத்தியரின் நூலும் இணுவில் தாதியரின் கையும்

மதிப்புக்குரிய நடுவர் அவர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கும் அறிஞர்களே, சபையோரே, அனைவருக்கும் வணக்கம்.

அமெரிக்க இலங்கை மிஷன் யாழ்ப்பாணத்தில் தொடங்கி வைத்ததும், 1947 முதல் தென்னிந்தியத் திருச்சபையின் யாழ்ப்பாண ஆதீனம் பொறுப்பேற்று நடத்தி வந்ததுமான மருத்துவ ஊழியத்தைத் தாங்கி நின்றவர்கள் வைத்தியர்களா, தாதியரா என்பது இன்றைய வழக்கு. தாதியரே என்று வாதிட நான் வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர் மூன்று செய்திகளை முன்வைத்துச் சென்றார். அமெரிக்கா கடல்கடந்து அனுப்பிய முதல் மருத்துவ மிஷனரியான ஜோன் ஸ்கடர் 1820 ஆம் ஆண்டில் பண்டத்தரிப்பில் பணியைத் தொடங்கினார் என்பது ஒன்று. மானிப்பாயில் சாமுவேல் பிஸ்க் கிறீன் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார் என்பது மற்றொன்று. வைத்தியர் இல்லாத இடத்தில் தாதிக்கு என்ன வேலை என்று சிரித்துக்கொண்டே கேட்டது மூன்றாவது. முதல் இரண்டையும் நான் மறுக்கவில்லை. மறுப்பவன் யாழ்ப்பாணத்தவனாக இருக்க முடியாது. ஆனால் அந்த இரண்டு உண்மைகளும் எதிரணிக்குச் சாட்சி சொல்கின்றனவா, எங்கள் அணிக்குச் சாட்சி சொல்கின்றனவா என்பதை நடுவர் அவர்கள் சற்றுப் பொறுமையோடு கேட்டுத் தீர்மானிக்க வேண்டும்.

கிறீன் வைத்தியரிடமிருந்தே தொடங்குகிறேன். அவர் 1847 இல் யாழ்ப்பாணம் வந்தார். 1857 இல் தாயகம் திரும்பி, 1862 இல் மறுபடியும் வந்து, 1873 வரை இங்கே உழைத்தார். அறுபதுக்கும் மேற்பட்ட நம்மவர்களை வைத்தியர்களாக்கினார். உடற்கூற்றைச் சொல்லும் அங்காதிபாதம், அறுவை மருத்துவமாகிய இரணவைத்தியம், இரசாயனம் என்று துறை துறையாகத் தமிழில் நூல்கள் வரச் செய்தார். தம் கல்லறையில் தமிழருக்கு மருத்துவ ஊழியராக இருந்தவர் என்று எழுதப்பட வேண்டுமென விரும்பினார், அவ்வாறே எழுதப்பட்டது. அவருடைய நூல்களில் ஒன்றின் மீது மட்டும் சபையின் கவனத்தைத் திருப்ப விரும்புகிறேன். பிரசவ வைத்தியத்தைப் பற்றிய நூல் அது. 1857 இல் தமிழில் வெளிவந்தது. குழந்தை குறுக்கே கிடந்தால் என்ன செய்வது, நச்சுக்கொடி விழாவிட்டால் என்ன செய்வது, உதிரப்போக்கு நிற்காவிட்டால் என்ன செய்வது என்பனவெல்லாம் நம் மொழியில் அச்சேறிய ஆண்டு அது.

அந்த நூலைக் கற்றவர்கள் யார்? கிறீன் பயிற்றுவித்த மாணவர் அனைவரும் ஆண்கள். அந்நூலிலுள்ள அறிவு சென்று சேர வேண்டிய இடம் எது? நாற்சார் வீட்டின் உள்ளறை. அந்த அறையின் வாசலைக் கடந்து உள்ளே போக எந்த ஆண் வைத்தியனுக்கு அனுமதி இருந்தது? உயிர் போகும் தறுவாயில், வேறு வழியே இல்லாமல், சில குடும்பங்கள் அழைத்திருக்கலாம். ஆனால் ஊரின் வழக்கம் அதுவன்று. பிள்ளைப்பேறு நடந்த வீடு துடக்கு வீடு, தீட்டுப்பட்ட வீடு. முப்பத்தோராம் நாள் கழிவு முடியும் வரை அயலவர்கூடத் தள்ளி நிற்பார்கள். கொத்தி என்ற பேய் தீண்டிவிடும் என்ற அச்சம் ஒருபுறம், பிற ஆடவர் பார்வை படலாகாது என்ற கட்டுப்பாடு மறுபுறம். உள்ளே இருந்தவர் மருத்துவிச்சி ஒருவரே. அவரையும் நம் சமூகம் ஒதுக்கி வைத்த சாதியொன்றிலிருந்தே வரவழைத்து, காரியம் முடிந்ததும் படலைக்கு வெளியே அனுப்பிவிட்டு, தொட்ட இடத்தைக் கழுவிக்கொண்டது. அவருடைய கைத்திறனை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் கிறீனின் நூலை அவருக்குக் கற்பிக்க எவரும் முனையவில்லை. நூல் மானிப்பாயில் இருந்தது. தாய் அடுத்த ஊரில் உதிரம் பெருகி இறந்துகொண்டிருந்தாள். இடையே இருந்தது ஒரு கதவு மாத்திரமே.

அந்தக் கதவு இணுவிலில் திறந்தது. பெண்களுக்கும் குழந்தைகளுக்குமென மக்லியொட் வைத்தியசாலை அங்கே 1898 இல் தொடங்கியது. மேரி லீச், மார்கரெட் லீச் என்ற அமெரிக்கச் சகோதரிகள் யாழ்ப்பாணத்துப் பெண்களுக்கான மருத்துவப் பணிக்காக மேல்நாடுகளில் ஊர் ஊராகப் பேசிப் பணம் திரட்டினார்கள்; இசபெல்லா கர் என்ற ஸ்கொத்லாந்து நாட்டு வைத்தியர் அங்கே நெடுங்காலம் பணியாற்றினார். இதோ, இதுவும் வைத்தியர்தானே என்று எதிரணியில் ஒருவர் குறிப்பெடுப்பதைப் பார்க்கிறேன். ஐயா, குறித்துக்கொள்ளுங்கள், ஆனால் முழுவதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு வைத்தியர் இரவும் பகலும் எத்தனை கட்டில்களின் அருகே நிற்க முடியும்? நோவு கண்ட பெண்ணின் இடுப்பைத் தடவிக்கொண்டு எட்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தவர், பிறந்த குழந்தையின் கண்ணைத் துடைத்து மருந்துத் துளி விட்டவர், மூன்றாம் நாள் காய்ச்சல் காய்கிறதா என்று தொட்டுப் பார்த்தவர், நம் தமிழில் ‘பிள்ளை, பயப்படாதை’ என்று சொன்னவர் யார்? இணுவிலில் பயிற்சி பெற்ற நம் ஊர்ப் பெண்கள். தொடக்க ஆண்டுகளில் அங்கு வைத்தியர்கள் வெளிநாட்டவர்; தாதியர் இந்த மண்ணின் பிள்ளைகள். நம் மக்கள் ஓர் அந்நிய நிறுவனத்தை நம்பித் தம் மனைவியையும் மகளையும் அனுப்பினார்கள் என்றால், அது உள்ளே சென்றால் அங்கு யார் நிற்பார்கள் என்பது தெரிந்ததால்தான்.

1857 இல் நூல். 1898 இல் வைத்தியசாலை. நாற்பத்தோர் ஆண்டுகள். அறிவு இருந்தது, வைத்தியர்கள் இருந்தார்கள், மொழிபெயர்ப்பும் இருந்தது. இல்லாதிருந்தது அந்த அறிவை அறைக்குள் எடுத்துச் செல்லும் பெண்களின் படை.

இதை நானாகப் புனைந்து சொல்லவில்லை என்பதற்கு எதிரணி கொண்டாடும் ஸ்கடர் குடும்பமே சாட்சி. பண்டத்தரிப்பில் பணி தொடங்கிய ஜோன் ஸ்கடர் 1836 இல் சென்னைக்குப் போனார். அவருடைய பேத்தி ஐடா ஸ்கடர். இளம்பெண்ணாகத் திண்டிவனத்தில் தந்தையின் வீட்டில் இருந்தபோது, ஒரே இரவில் மூன்று குடும்பத்தார் பிரசவ வேதனையில் கிடக்கும் மனைவிக்கு உதவி கேட்டு அவரிடம் வந்தார்கள். அவருடைய தந்தை தேர்ந்த வைத்தியர். வருவதற்கு ஆயத்தமாகவும் இருந்தார். ஆண் வைத்தியர் வேண்டாமென்று மூவரும் திரும்பிப் போனார்கள். மூன்று பெண்களும் இறந்தார்கள். அந்த இரவே தம்மை மருத்துவம் படிக்க வைத்தது என்று ஐடா பிற்காலத்தில் சொல்லி வந்தார். படித்துத் திரும்பி வேலூரில் அவர் எழுப்பிய நிறுவனத்தின் வரலாற்றில் ஆண்டுகளின் வரிசையைக் கவனியுங்கள்: தாதியர் பயிற்சிப் பள்ளி 1909 இல், மருத்துவப் பள்ளி 1918 இல். அவரே வைத்தியர், ஆயினும் வைத்தியர்களை உருவாக்குவதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பே தாதியரை உருவாக்கினார். வைத்தியர் இல்லாத இடத்தில் தாதிக்கு என்ன வேலை என்று கேட்ட எதிரணித் தலைவர், தாதியர் இல்லாத இடத்தில் வைத்தியருக்கு என்ன வேலை என்பதை ஸ்கடரின் பேத்தியிடம் கேட்டிருந்தால் விடை கிடைத்திருக்கும்.

இனி, அக்காலத்து வைத்தியரின் கையில் உண்மையில் என்ன இருந்தது என்று பார்ப்போம். இதைச் சொல்வது வைத்தியர்களை இழிவுபடுத்துவதற்கு அன்று. கால வரிசையை நேர்ப்படுத்துவதற்கு. கிறீன் யாழ்ப்பாணத்துக்கு வந்த அதே 1847 இல்தான், பிரசவ அறைக்குள் போகுமுன் கையைக் குளோரின் கரைசலில் கழுவினால் தாய்மார் சாவது குறைகிறது என்பதை வியன்னாவில் செம்மல்வைஸ் என்ற வைத்தியர் கண்டார். ஐரோப்பிய வைத்திய உலகம் அதை ஏற்கப் பல பதிற்றாண்டுகள் எடுத்தது. பேறு கண்ட தாயைக் கொல்லும் காய்ச்சலுக்குச் சல்பா மருந்து 1930களின் நடுப்பகுதியில்தான் வந்தது, பெனிசிலின் 1940களில். தைபொயிட் எனப்படும் நெருப்புக் காய்ச்சலுக்கு உரிய மருந்து 1948 இல்தான் கிடைத்தது. ஆக, இணுவில் வைத்தியசாலையின் முதல் நாற்பது ஆண்டுகளில், கிருமி உள்ளே போனபின் அதைக் கொல்லும் மருந்து எந்த வைத்தியரின் பெட்டியிலும் அநேகமாக இல்லை. அப்படியானால் மக்கள் எப்படிப் பிழைத்தார்கள்?

நெருப்புக் காய்ச்சல் கண்டவனை நினைத்துப் பாருங்கள். மூன்று நான்கு கிழமை காய்ச்சல் இறங்காது. ஈரத்துணியால் உடம்பை ஒற்றி ஒற்றிச் சூட்டைக் குறைக்க வேண்டும். கட்டியான உணவு கொடுத்தால் புண்பட்ட குடல் கிழியக்கூடும். ஆகவே கஞ்சித் தெளிவையும் பாலையும் கரண்டி கரண்டியாக, நேரம் தவறாமல், நோயாளி வேண்டாமென்று முகத்தைத் திருப்பினாலும் ஊட்ட வேண்டும். படுக்கைப் புண் வராமல் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். மலத்தில் இரத்தம் தெரிகிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும்; பார்த்த கையைக் கொதிநீராலும் சவர்க்காரத்தாலும் கழுவிய பின்பே அடுத்த கட்டிலுக்குப் போக வேண்டும். இதில் எந்த வரி வைத்தியம், எந்த வரி பராமரிப்பு என்று எதிரணியினர் பிரித்துக் காட்டட்டும். வாந்திபேதியிலும் இதே கதைதான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் மேலை வைத்தியர்கள் பாதரச உப்பையும் அபினையும் கொடுத்தார்கள். உயிரைக் காப்பது இழந்த நீரையும் உப்பையும் ஈடுசெய்வதே என்பது இன்று எந்த மருத்துவ மாணவனுக்கும் தெரியும். விடிய விடிய அருகிலிருந்து வாயில் நீர் வார்த்தவர், தாம் செய்வது இன்னதென்று அறிவியல் விளக்கம் தராமலே சரியானதைச் செய்தார்.

அடுத்து, அந்தப் பெண்கள் கொடுத்த விலையைப் பற்றிப் பேச வேண்டும். எதிரணியில் ஒருவரும் இதைத் தொடவில்லை. உடுவில் பெண்கள் விடுதிப் பாடசாலை 1824 இல் தொடங்கியது. அங்கே படித்த பெண் ஆசிரியையாகலாம், போதகரின் மனைவியாகலாம்; இரண்டும் மதிப்பான இடங்கள். அவள் தாதியாகப் போகிறேன் என்றால் வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று நான் விவரிக்கத் தேவையில்லை. இந்த மண்டபத்தில் இருக்கும் மூத்தோருக்கு அந்தப் பேச்சு இன்னும் காதில் ஒலிக்கும். ஊரார் மலசலம் அள்ளப் போகிறாயா? எந்தச் சாதிக்காரனின் புண்ணைக் கழுவப் போகிறாய்? இரவு வேலைக்குப் போகும் பெண்ணை எவன் கட்டுவான்?

கிறிஸ்தவர்களாக மாறிய குடும்பங்களும் இந்தக் கேள்விகளைக் கேட்டன என்பதுதான் வெட்கத்துக்குரிய உண்மை. நம் சபைகளிலே சாதி வாசலோடு நின்றுவிடவில்லை. பாயிலும் பந்தியிலும் வந்து உட்கார்ந்தது. தேவனுக்கு முன் யாவரும் சமம் என்று ஞாயிறுதோறும் கேட்டுவிட்டு, திங்கட்கிழமை தனிச் செம்பில் தண்ணீர் குடித்த சமூகம் நம்முடையது. போதகர்கள் இதைப் பிரசங்கத்தால் அசைக்கப் பார்த்தார்கள். பள்ளிக்கூடங்கள் பாடத்தால் அசைக்கப் பார்த்தன. நோயாளர் வாட்டிலே தாதி என்ன செய்தாள்? உயர்ந்தவன் என்று நினைத்துக்கொண்டவனின் புண்ணையும், தாழ்த்தப்பட்டவனின் புண்ணையும் ஒரே கையால், ஒரே காலையில், வரிசையிலே கழுவினாள். நோயாளிக்கு விருப்பமா என்று கேட்டுக்கொண்டு அவள் நிற்கவில்லை. புண்ணுக்குச் சாதி பார்க்க நேரம் இல்லை. தம்மை இன்னார் தொட்டுத் தூக்கினார் என்பதை வீட்டில் போய்ச் சொல்லாமல் மறைத்தவர்கள் பலராக இருக்கலாம். ஆனால் தொடப்பட்டது தொடப்பட்டதுதான். ஒரு நாளுக்கு ஒரு முறை வந்து நாடி பார்த்துச் செல்லும் வைத்தியரின் தொடுகை இதைச் செய்திருக்க முடியாது. வெள்ளைக்கார வைத்தியரின் தொடுகையோ நம் சாதிக் கணக்குக்கு வெளியே நின்றது. கணக்குக்கு உள்ளே பிறந்த பெண் அதை மீறித் தொட்டதுதான் ஊழியம். இந்தத் திருச்சபை யாழ்ப்பாணத்தில் செய்த எந்தப் பிரசங்கத்தையும்விட அதுவே ஆழமாகப் போனது என்பது என் துணிபு, மறுப்பவர்கள் மறுக்கலாம்.

எதிரணியின் இரண்டாவது பேச்சாளர் மேரி இரத்தினம் அம்மையாரின் பெயரைச் சொன்னார். நல்ல பெயர், அவரைப் பற்றிச் சொல்லாமல் விட்டதை நான் சொல்லுகிறேன். கனடாவில் மேரி ஏர்வின் என்ற பெயரோடு பிறந்து, மருத்துவம் பயின்று, 1896 இல் இந்த மிஷனின் வைத்தியராகப் பணியாற்ற இலங்கைக்கு வந்தவர் அவர். ஆனால் அவர் மணந்திருந்தது ஒரு தமிழரை. சாமுவேல் கிறிஸ்மஸ் கனகரத்தினம் என்ற தமிழ்க் கிறிஸ்தவரை. அதனால் மிஷன் அவரை ஏற்கவில்லை. அவர் கொழும்புக்குச் சென்று பெண்களுக்காகப் பெரும்பணி செய்தார், மாதர் சங்கங்களை அமைத்தார், 1958 இல் மக்சேசே விருதும் பெற்றார். தமிழனை மணந்த ஒரே காரணத்தால் இவ்வளவு பெரிய வைத்தியரை இழக்கத் துணிந்த மிஷன், அதே காலத்தில் தமிழ்ப் பெண்களைத் தாதியராகப் பயிற்றுவிக்காமல் தன் வைத்தியசாலையை ஒரு நாளும் நடத்தியிருக்க முடியாது. மிஷனால் எவரை விலக்க முடிந்தது, எவரை விலக்க முடியவில்லை என்பதைப் பார்த்தால், எது தூண் எது மாடம் என்பது தெரிந்துவிடும்.

தாதியர் சம்பளத்துக்கு வேலை செய்தார்கள், அது தொழில், அதை ஊழியம் என்று எப்படிச் சொல்வது என்றும் ஒரு கேள்வி எழுந்தது. வைத்தியர்களும் மிஷனிடமிருந்து சம்பளம் பெற்றார்கள், போதகர்களும் பெற்றார்கள், எவரும் அவர்களிடம் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. ஆனாலும் கேள்விக்குள்ளே ஓர் உண்மை ஒளிந்திருக்கிறது. அதை எடுத்துச் சொல்லியே என் வாதத்தை நிறைவுசெய்ய நினைக்கிறேன்.

ஸ்கடர் யாழ்ப்பாணத்தை விட்டுப் புறப்பட்ட 1836 ஆம் ஆண்டில், ஜேர்மனியில் ரைன் நதிக்கரையிலுள்ள கைசர்ஸ்வேர்த் என்ற சிற்றூரில், தேயோடர் பிளீட்னர் என்ற புரட்டஸ்தாந்துப் போதகர் பெண் ஊழியர்களுக்கான இல்லமொன்றைத் தொடங்கினார். நோயாளிகளைப் பராமரிப்பதற்குப் பயிற்சி கொடுத்து, ஆலயத்திலே ஜெபத்தோடு வேறுபிரித்து, சபையின் ஊழியக்காரிகள் என்ற நிலையைத் தந்து அனுப்பினார். உரோமருக்கு எழுதின நிருபத்தின் பதினாறாம் அதிகாரத்தில் வரும் கெங்கிரேயா ஊர்ச் சபையின் ஊழியக்காரியான பெபேயாளே அவர்களுக்கு முன்மாதிரி. புளோரன்ஸ் நைட்டிங்கேல் 1851 இல் அங்கே சில மாதங்கள் தங்கிப் பயின்ற பின்பே கிரைமியப் போரின் தாதிப் பணிக்குப் போனார். லுத்தரன் சபையார் அந்த முறையை அமெரிக்காவுக்குக் கொண்டு சென்றார்கள். 1888 இல் அமெரிக்க மெதடிஸ்தரின் பொதுச்சபையும் பெண்களின் இந்த ஊழிய நிலையை முறைப்படி ஏற்றது. சபையொன்று தாதியின் கையைத் தன் கை என்று ஒப்புக்கொண்ட வரலாறு அது.

நம்மிடம் வந்த அமெரிக்க மிஷன் காங்கிரிகேஷனல் சபைகளின் மரபில் வந்தது. அந்த மரபில் போதகருக்கு அபிஷேகம் உண்டு. உபதேசியாருக்கு நியமனம் உண்டு. நோயாளியின் அருகில் விழித்திருந்த பெண்ணுக்கு ஒன்றும் இல்லை. மானிப்பாய் வைத்தியசாலை கிறீன் ஞாபகார்த்தமாக நிற்கிறது. இணுவில் வைத்தியசாலையும் ஒரு மேல்நாட்டுப் பெயரையே தாங்கி நிற்கிறது. இரண்டும் தகுதியான பெயர்கள், மாற்றச் சொல்லி நான் மனுக் கொடுக்க வரவில்லை. ஆனால் இந்த மண்டபத்தில் தலை நரைத்திருப்பவர்களில் மானிப்பாயிலோ இணுவிலிலோ பிறந்தவர்கள் கையை உயர்த்துங்கள் என்று நடுவர் கேட்டால் பல கைகள் உயரும்; உங்களை முதலில் ஏந்தியவரின் பெயரைச் சொல்லுங்கள் என்று கேட்டால், தாதியர் எல்லாரையும் நாம் அழைக்கும் ‘மிஸ்ஸி’ என்று மட்டுமே விடை வரும். அப்படியிருக்க, இது ஊழியமா தொழிலா என்ற ஐயம் எழுவது அந்தப் பெண்களின் குறையாலன்று. அவர்கள்மேல் கைவைத்து ஜெபித்து அனுப்ப வேண்டிய சபை அதைச் செய்யாமல் விட்டதால்தான் எழுகிறது.

மணி அடித்துவிட்டது, நடுவர் அவர்களே. எனக்குப் பின் எதிரணியின் நிறைவுப் பேச்சாளர் வரவிருக்கிறார். அவரிடம் ஒரே ஒரு கேள்வியை வைத்துவிட்டு அமர்கிறேன். வைத்தியரே இந்த ஊழியத்தைத் தாங்கினார் என்றால், அறுபதுக்கும் மேற்பட்ட வைத்தியர்களும் அச்சிட்ட தமிழ் நூல்களும் இருந்த இந்தக் குடாநாட்டில், பெண்களுக்கென ஒரு வைத்தியசாலை எழ 1898 வரை காத்திருக்க வேண்டி வந்தது எதனால்? பணம் இல்லாமையால் என்று அவர் சொல்லலாம். அப்படியானால் அந்தப் பணத்தைத் திரட்டியவர்கள் வைத்தியர்கள் அல்லாத இரண்டு பெண்கள் என்பதையும் சேர்த்தே அவர் சொல்ல வேண்டும்.

நன்றி, வணக்கம்.